முதலடியும் முடிவடியும்

மேடைக்கு ஒரு பாட்டு வேண்டும். அந்தப் பாட்டிலும் ஓரடி இருந்தால் போதும். இதுவே இந்நாள் வழக்கமாகிவிட்டது. கணியன் பூங்குன்றனாரின் பாட்டு, புறநானூற்றில் 192ஆம் எண் பெற்றது, 13 அடிகள் கொண்டது. ஆனால் நாடு அறிந்ததோ முதலடி ஒன்றே. எல்லா ஊரும் நம் ஊர், எல்லா மக்களும் நம் உறவினர் என்னும் அவ்வடியை அலங்கார வளைவிலே காண்கிறோம், அழைப்பிதழிலே காண்கிறோம், பள்ளிச் சுவரிலே காண்கிறோம். 2019 ஜூலைத் திங்களில் சிக்காகோ நகரில் 10ஆம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது அப்பாட்டுக்கு இசை கூட்டினர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் இந்தியத் தலைமை அமைச்சர் அவ்வடியை எடுத்துரைத்தார். தமிழர் நெஞ்சம் நிமிர்ந்தது. நம் நெஞ்சமும் நிமிர்ந்தது, அதை மறைப்பானேன்?

ஆனால், நிமிர்ந்த நெஞ்சோடு பள்ளிக்குச் சென்று அதே பாட்டை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தப் புகுந்தோம். அன்று எழுந்த ஐயங்களே இக்கட்டுரை. பாட்டைக் குறைகூற நாம் எழுதவில்லை. அதை நாம் படித்துவந்த முறையைக் குறைகூறவே எழுதுகிறோம். பாட்டிலும் ஒரு குறை உண்டு என்று கருதுகிறோம். அதையும் மறைக்காமல் சொல்வோம். சங்கப் பாட்டு என்றதும் கைகூப்பி நிற்பது திறனாய்வு ஆகாது. அது கோயில் வேலை.

நாம் ஆசிரியப் பணி புரியும் ஆரம்பாக்கம், தமிழகத்தின் வடகோடி. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் இது. அடுத்த நிலையமான தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரி. ஏரி என்று பெயர். உண்மையில் அது உப்பங்கழி. ஆரணியாறும் காலங்கியும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல் உப்புநீர் கொணர, இரண்டும் கலக்குமிடத்தில் இறாலும் நண்டும் மடவையும் விளைகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்கு, தென்பகுதி தமிழகத்துக்கு. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கோடு கிழித்தவர்கள் தரையில் கல் நட்டார்கள். தண்ணீரில் எங்கே நடுவார்கள்? இறாலுக்கு எல்லை தெரியாது. வலைக்குத் தெரிந்தாக வேண்டும் என்கிறார்கள். இருகரை மீனவரும் அவ்வப்போது மோதிக்கொள்வதும், படகுகள் பிடிபடுவதும், பேச்சுவார்த்தை நடப்பதும் இவ்வேரியின் வாடிக்கை. மோதும் இருவருக்கும் பசி ஒன்று, கடன் ஒன்று, மீன்வாங்கும் வணிகர்கூடப் பலவேளை ஒருவரே.

இத்தகைய ஊரில்தான் எல்லாரும் உறவினர் என்று கரும்பலகையில் எழுதினோம். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். முதலடியைப் பற்றி அவன் கேட்கவில்லை. இரண்டாம் அடியைப் பற்றிக் கேட்டான். தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவன அல்ல என்கிறாரே புலவர், "எண்ணூரில் எங்கள் மாமன் படகெல்லாம் எண்ணெய் படிந்து கெட்டதே, ஐயா, அந்தத் தீமையை அவரே வரவழைத்துக் கொண்டாரா?" என்றான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை அவன் சொன்னான். மீனவர்கள் அதை வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கசிந்தபோதும் வாளிதான். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டுகள். இந்நாட்டிலிருந்து நிலவுக்கே கலம் சென்றுவிட்டது. எண்ணெய் அள்ளும் கருவி மட்டும் வாளியாகவே இருந்தது.

மாணவனுக்கு அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவு தரவில்லை. மணி அடித்தது, தப்பினோம். வீட்டுக்கு வந்து பாட்டை முழுமையாக எடுத்து வைத்துக்கொண்டோம்.

பாட்டின் கட்டமைப்பைக் காண்க. முதலடியில் ஊரும் உறவும். அடுத்து, தீமை நன்மைக்கும் நோவு தணிவுக்கும் காரணம் பிறரல்லர் என்பது. அதன்பின் சாவு புதிதன்று, வாழ்வு இனிதென்று களிப்பதும் இல்லை, வெறுத்து இன்னாதென்பதும் இல்லை என்பது. பிறகு ஓர் உவமை: மின்னி மழை பொழிய, கல்லிலே மோதி ஒலிக்கும் பேராற்றில் நீரின் போக்கிலே போகும் புணை. அதுபோல் உயிர் முறையின் போக்கிலே போகும்; இதைத் தெளிந்தோம், "ஆகலின்" என்கிறார் புலவர். ஆகலின் என்ன? பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை.

ஆகலின் என்ற இச்சொல்லே பாட்டின் அச்சாணி. முன்னே உள்ளதெல்லாம் ஏது; பின்னே உள்ளது முடிபு. ஏதுவின் முதற்பகுதியை மட்டும் பிடுங்கி வளைவிலே ஒட்டியவர்கள் முடிபை ஆற்றிலே விட்டுவிட்டார்கள். பொதுவியல் திணையில் பொருண்மொழிக்காஞ்சித் துறையாகத் தொகுத்தோர் வகுத்த பாட்டு இது. உயிர்க்கு உறுதி பயக்கும் பொருளை எடுத்துரைப்பது அத்துறை. எனவே இது வரவேற்பிதழன்று. நெறி கூறும் பாட்டு. அந்நெறி எங்கே முடிகிறது? சிறியோரிடத்தே முடிகிறது. அங்கும் ஒரு நுட்பம் உண்டு. வியத்தலையும் இகழ்தலையும் புலவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. "அதனினும்" என்று ஒரு சொல்லைப் பெய்து, இகழாமையை வியவாமையினும் மேலே ஏற்றிவிட்டார். வேந்தர்களையும் வள்ளல்களையும் புகழ்ந்து பரிசில் பெற்ற பாட்டுகள் நிறைந்த தொகைநூலில் இப்படி ஒருவர் எழுதினார் என்பது சிறு செய்தியன்று.

இனி மாணவனின் வினா. பாட்டின் வினைமுற்றுகளைப் பாருங்கள். இலம், இலம் என்று நான்கு முறை. தெளிந்தனம் என்று ஒருமுறை. யாவும் தன்மைப் பன்மை. புலவர் யாருக்கும் கட்டளை இடவில்லை. நாங்கள் இப்படி வாழ்கிறோம் என்று தம்மைப் பற்றிச் சொல்கிறார். தீமை பிறர் தருவதன்று என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், அது ஆண்மை. அதையே எண்ணெயில் நனைந்த மீனவனைப் பார்த்து இன்னொருவன் சொன்னால் அது அயோக்கியத்தனம். ஒரே கூற்று தன்மையில் அறமாகவும் முன்னிலையில் அநீதியாகவும் மாறிவிடுகிறது. பாட்டை மேடையேற்றியோர் இந்த வேறுபாட்டைக் கருதவில்லை. ஏழையைப் பார்த்து "உன் தீமை உன்னால் வந்தது" என்று ஓதுவதற்கு இப்பாட்டை ஏவல் கொள்வோரும் உளர். தன்மைப் பன்மையில் அமைந்த பாட்டு அவர்க்கு இடங்கொடாது.

ஆயினும், இதனால் பாட்டு முற்றும் தப்பிவிடவில்லை. புணையும் முறையும் எஞ்சியிருக்கின்றன. பழைய உரைகாரர் முறை என்பதை ஊழ் என்றே கொண்டார். ஆசீவகக் கோட்பாட்டின் சாயல் இது என்று ஆய்வாளர் சிலர் கூறுவர். பெயரை மாற்றலாம், பொருள் மாறாது. உயிர் தன் விருப்பால் அன்றி ஒரு போக்கால் இழுபட்டுச் செல்கிறது என்பதே உவமையின் பொருள். பகுத்தறிவாளராகிய நாம் இங்கே வாய்மூடி இருப்பது நேர்மையன்று. கொண்டாடும் பாட்டென்பதற்காக ஊழை நல்லூழ் என்று ஏற்பதா? விதியென்று தலையில் எழுதியதாகச் சொன்னால் சிரிக்கிறோம். சங்கப் புலவர் சொன்னால் தத்துவம் என்கிறோம். இந்த இரட்டை அளவுகோல் வேண்டா.

நம் கருத்தைச் சொல்கிறோம். புலவர் கண்டது மலையிலிருந்து இறங்கும் ஆறு. அது ஒரே திசையில் ஓடும். பழவேற்காட்டு நீர் அப்படியன்று; ஓதம் ஏறினால் உள்ளே வரும், வற்றினால் வெளியே போகும். படகில் நிற்பவன் கழி ஊன்றுகிறான். எந்த நீர் எப்போது எங்கே திரும்பும் என்று கணக்கிட்டு வலை விடுகிறான். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் மண்வெட்டியோடு போய் வெட்டித் திறக்கிறான். நீரின் போக்கை அறிவது வேறு, போக்குக்கு அடங்குவது வேறு. கணியன் என்ற பெயருக்கே கணிப்பவன் என்றுதானே பொருள்? ஊழென்னும் ஏது தளர்ந்தால் இகழாமை என்னும் முடிபும் வீழ்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. எல்லாரும் ஊழின் புணைகள், ஆகலின் எவரையும் இகழோம் என்றார் அவர். ஒருவனைப் பெரியோனாக்கியதும் மற்றொருவனைச் சிறியோனாக்கியதும் மனிதர் வகுத்த ஏற்பாடே, ஆகலின் இகழோம், ஏற்பாட்டையும் விடோம் என்போம் நாம். இம்முடிபு முன்னதினும் உறுதியான தூணில் நிற்கிறது.

உலகக் குடிமகன் என்ற பேச்சு இப்பொழுது பாடத்திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2015இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் கல்விக்குரிய 4.7ஆம் குறியில் உலகக் குடிமையும் ஒரு கூறு. நன்று. ஆனால் குடிமகன் என்ற சொல்லின் பழைய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வோர் யார்? நம் சிற்றூர்களில் குடிமகன் என்றால் நாட்டின் உரிமையாளன் அல்லன். ஊருக்கு ஊழியம் செய்யப் பிறந்தவன், முடி திருத்துபவன். குடிமக்கள் என்றால் வாசலுக்கு வெளியே நின்று கூலி பெறும் சாதிகள். அடிமைத் தொழிலுக்கு இட்ட பெயரையே உரிமைக்கு இட்டது நம் காலத்தின் வெற்றி. பெயர் மாறியதுபோல் வாசல் திறந்ததா என்று கேட்பதற்கு உலகத்தைச் சுற்ற வேண்டா. ஏரிக்கரைக்குப் போனால் போதும்.

முன்பும் இக்கரைக்கு உலகம் வந்தது. 1609இல் ஒல்லாந்து அறிஞர் கிரோசியசு, கடல் எவர்க்கும் தனியுடைமை அன்று, மாந்தர் அனைவர்க்கும் பொது என்று நூல் எழுதினார். உலகக் குடிமைக்கு இதைவிட உயர்ந்த முழக்கம் உண்டா? அந்நூல் பிறந்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் வழக்குக்காக. போர்த்துக்கேசியரின் பூட்டை உடைப்பதற்காக. 1613இல் அதே கும்பினி பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையைக் கட்டியது. துணி வணிகத்தைத் தன் கைக்குள் கொண்டது. பஞ்சக் காலங்களில் இக்கரை மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. கடல் பொது, கடலில் கொண்டு செல்லப்பட்டவன் தனியுடைமை! இன்று அங்கே ஒல்லாந்தர் கல்லறைகள் செதுக்கிய கற்களோடு தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன. கப்பலேறிய தமிழர்க்குக் கல் இல்லை.

ஒல்லாந்தனைக் குறைகூறுவது எளிது, அவன் போய்விட்டான். கடினமானது இனிமேல்தான்.

ஏரியில் "பாடு" என்றொரு முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீரிடங்களில் யார் எந்த நாளில் வலையிடுவது என்பதைக் குலுக்கலிட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம். கணியன் முறை என்றது இயற்கையின் முறை. இது மனிதர் கூடி ஆக்கிய முறை. வலுத்தவன் வாரிக்கொள்ளாமல், இளைத்தவன் பட்டினி கிடக்காமல், ஏரியும் ஒட்டச் சுரண்டப்படாமல் நெடுங்காலம் காத்தது இது. சட்டப் புத்தகம் இன்றி, காவலர் இன்றி, குலுக்கல் ஒன்றை நம்பி நடந்த நீர்க்குடியரசு என்றே சொல்லலாம். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் குலுக்கலில் பெயர் போடத் தகுதி என்ன? பிறப்பு. பட்டினவர் ஊர்கள் சிலவற்றின் ஆண்மக்களுக்கே பாட்டுரிமை வழிவழி வந்தது. அதே ஏரியை நம்பி, அதே உப்புக்காற்றில் வாழும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அது இல்லை, பெண்களுக்கு இல்லை, இருளர்க்கு இல்லை. இருளர் குடிப் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் நகர்ந்தும் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதை இங்கே வருவோர் காணலாம். பனையோலைப் பறியைப் பல்லிலே கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வர். இரண்டு கைகளும் வேலைக்கு வேண்டுமே! வலை இல்லை, படகு இல்லை, பாடு இல்லை. அயல்நாட்டுப் பூநாரைகளைக் காணத் தொலைநோக்கியோடு வருகிறவர்கள், அதே நீரில் குனிந்திருக்கும் இவர்களைத் தாண்டியே பார்க்கிறார்கள். பறவைக்குக் கடவுச்சீட்டு வேண்டாம் என்று உருகிப் பேசும் சொற்பொழிவுகள் பலவற்றைக் கேட்டிருக்கிறோம். பறவைக்கு வட்டிக்கடனும் இல்லை. பேச்சாளருக்கு அது நினைவில்லை.

இங்கே நம்மைத் தடுமாறச் செய்வதும் ஒன்று உண்டு. சிறுமீனவர் நலனுக்காக உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், வழக்காற்று உரிமைகளை அரசுகள் மதிக்க வேண்டும் என்கின்றன. அதே ஏடு ஆண்பெண் சமன்மையும் ஒதுக்கப்பட்டோர்க்கு நீதியும் வேண்டும் என்கிறது. உலக அரங்கில் இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து அமைதியாக இருக்கின்றன. பழவேற்காட்டில் இரண்டும் ஒரே இறாலின்மேல் கைவைக்கின்றன. பாட்டுரிமையை ஒரே நாளில் உடைத்தெறி என்போமா? உடைத்தால், காத்திருக்கும் பெருமுதலாளி உள்ளே வருவான். துறைமுகங்களும் இறால் பண்ணைகளும் கரையை நெருக்குவதைக் கண்டுகொண்டுதான் இருக்கிறோம். அப்படியே இருக்கட்டும் என்போமா? பிறப்பால் வாசல் அடைப்பதைக் கோயிலில் எதிர்த்து ஏரியில் பொறுப்பது எங்ஙனம்? குலுக்கல் இருக்கட்டும், குடத்தில் இடும் சீட்டுகள் கூடட்டும் என்பதே நம் நிலை. ஏரி சுருங்கிவரும் காலத்தில் சீட்டுகளைக் கூட்டுவது சோற்றைப் பகிர்வதாகும் என்பதை அறிந்தே சொல்கிறோம். சோறு நம் தட்டிலிருந்து போகாததால் நமக்கு இது எளிதாக வருகிறது என்று மீனவத் தோழர்கள் சொன்னால், அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இன்னொன்று. ஆரம்பாக்கத்திலிருந்து தெற்கே இரண்டாம் நிலையம் கும்மிடிப்பூண்டி. அங்கே ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. 1983க்குப் பின் தீயிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 2021இல் அரசு அகதி என்ற சொல்லை அகற்றி மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டது, வரவேற்றோம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1 முதல், இம்மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவரும் உரிய தாளின்றி வந்தவராக இருத்தலாகாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் பாக்கிசுத்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரில் ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. அதற்கு மூன்று திங்கள் முன்புதான் பேரவையில் பூங்குன்றனார் முழங்கினார்! எல்லா ஊரும் எம் ஊரென்று நாடு உலகுக்குச் சொல்லியது. எந்த ஊர் எங்கள் ஊர் என்று கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் மொழியையே பேசுபவர்கள், நம் பாடநூலையே படிப்பவர்கள், நம் தேர்வையே எழுதுபவர்கள்.

உலகக் குடிமகன் என்ற சொல்லை முதலில் தன்மேல் சூட்டிக்கொண்டவன் கிரேக்கத்துத் தியோசெனிசு என்பர். அவன் சினோப்பு நகரிலிருந்து துரத்தப்பட்டவன். ஊர் உள்ளவன் உலகக் குடிமகன் என்றால் அது பெருமிதம். ஊரற்றவன் சொன்னால் அது முறையீடு. நாம் முதற்பொருளிலேயே இதுவரை பாடம் நடத்திவந்தோம்.

ஏரிக்கு அக்கரையில் சிரீஅரிக்கோட்டா. 1971இல் அங்கே ஏவுதளம் தொடங்கியது. தீவிலிருந்த குடிகள் வெளியேறினர். 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ஏவுகலம் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் 101 அயல்நாட்டவை. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3 கிளம்பியது. நம் பள்ளி வாசலில் பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர், நாமும் ஆர்ப்பரித்தோம். அறிவின் வெற்றியை வியப்பதற்குப் பூங்குன்றனாரிடம் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. அவர் வியவாதது ஆட்களை. ஏவுநாட்களில் கடலுக்குப் போகத் தடை விதிப்பதால் அன்றைய கூலியை இழப்பவர்களும் அப்பிள்ளைகளின் தந்தையரே. அந்தக் கணக்கை வானொலி சொல்லவில்லை.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து, நாம் கண்ட விடையைச் சொன்னோம். புலவர் தம்மைப்பற்றிச் சொன்னது அது, உன் மாமனைப்பற்றி அன்று என்றோம். ஊழைப்பற்றி நாம் உடன்படவில்லை என்பதையும் சொன்னோம். "பாட்டில் தவறு இருக்கலாமா, ஐயா?" என்று வியந்தான். இருக்கலாம், தம்பி என்றோம். "அப்படியென்றால் தேர்வில் எதை எழுதுவது?" என்றான். அதற்கும் மணி அடித்தது.

இவ்வாண்டு பள்ளிச் சுவருக்குப் புதிய வண்ணம் பூசினர். பழைய முதலடி மங்கிவிட்டது. மீண்டும் எழுத வேண்டும். கடைசி இரண்டடிகளை எழுதுங்கள் என்று ஓவியரிடம் கேட்டுக்கொண்டோம். சிறியோர் என்ற சொல்லைச் சுவரில் எழுதினால் யார் மனமேனும் புண்படும் என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். ஓவியரோ தூரிகையைக் கழுவிக்கொண்டே, "இரண்டடிக்கு இடம் போதாது, வாத்தியாரே, முதலடிதான் சரியாகப் பொருந்தும்" என்றார். சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.